கிராம சபைத் தீர்மானமும் கனிமக் குத்தகையும்

மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக நடத்திய ஏலத்தை மத்திய அரசு 2025 ஜனவரி 23 அன்று கைவிட்டது முதல், கிராம சபைத் தீர்மானத்தைச் சுரங்கங்களைத் தடுத்து நிறுத்தவல்ல அதிகாரமாகப் போற்றும் எழுத்துகள் தமிழில் பெருகியுள்ளன. அரிட்டாபட்டியைச் சுற்றியுள்ள ஊராட்சிகள் 2024 நவம்பரில் தீர்மானம் நிறைவேற்றின, இரண்டே மாதங்களில் திட்டம் விழுந்தது, ஆகவே தீர்மானமே அதை வீழ்த்தியது என்பது அவற்றின் தருக்கம். இடையில் நடந்தவற்றுக்கு, அதாவது டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானத்துக்கும், மேலூரிலிருந்து மதுரை வரை உழவர்கள் நடத்திய பெரும் பேரணிக்கும், ஒன்றையொன்று எதிர்த்தே பழகிய கட்சிகள் ஒரே கோரிக்கையை முன்வைத்த அரிய அரசியல் சூழலுக்கும், அத்தருக்கத்தில் ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை.

கிராம சபை, அதாவது ஓர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரையும் உறுப்பினராகக் கொண்ட பேரவை, பயனற்றது என்று யாரும் சொல்லிவிட முடியாது. சிதறிக் கிடக்கும் எதிர்ப்புக்கு அது தேதியிட்ட பதிவைத் தருகிறது. பெண்களும் நிலமற்றோரும் அரசு அலுவலர் முன்னிலையில் பேசுவதற்கு ஓர் இடத்தை உண்டாக்குகிறது. 2017இல் நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக எழுந்த போராட்டத்தின் தொடர்ச்சியாகவே, 2020இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டமாக்கப்பட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சட்டத்தை இயற்றியது மாநில அரசு. ஏற்கெனவே இயங்கிவந்த எண்ணெய்க் கிணறுகளைத் தொடாமல் விட்டதும் அதே அரசுதான்.

கிராம சபைக்குக் கனிமத்தின் மீது உள்ள அதிகாரம் என்ன என்ற கேள்விக்குச் சட்டம் தரும் விடை சுருக்கமானது. அரசமைப்பின் 243ஏ பிரிவு, மாநிலச் சட்டமன்றம் எந்த அதிகாரத்தை அளிக்கிறதோ அதையே கிராம சபை செலுத்தலாம் என்கிறது. கருங்கல், சரளை, மணல் போன்ற சிறுகனிமங்களைப் பொறுத்தவரை, 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் தன் 15ஆம் பிரிவின் வழியே விதி வகுக்கும் உரிமையை மாநிலத்துக்கு வழங்கியுள்ளது. அவ்வுரிமையின்கீழ் நடைமுறையில் இருக்கும் 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் குத்தகை வழங்கும் பொறுப்பை மாவட்ட ஆட்சியரிடம் ஒப்படைக்கின்றன. கல்குவாரிக்குக் குத்தகை வழங்கும் அந்தப் பாதையில், கிராம சபையின் இசைவைப் பெற்றாக வேண்டிய கட்டம் என்று ஒன்று இல்லை. தீர்மானத்தின் நகல் ஆட்சியர் அலுவலகத்தைச் சென்றடையும்போது, சட்டத்தின் பார்வையில் அது ஊரார் பலர் சேர்ந்து கொடுத்த மற்றொரு மனு, அவ்வளவே.

இந்த நடைமுறையின் அடிப்படைக் குறை இங்கேதான் உள்ளது: தீர்மானத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டிய கடமை எந்த அலுவலருக்கும் இல்லை. ஆட்சியர் அதை ஏற்கலாம், ஒதுக்கலாம், படிக்காமலும் விடலாம். ஒதுக்கினால் ஏன் ஒதுக்கினார் என்று எழுத வேண்டியதில்லை. காரணம் எழுதப்படாத இடத்தில் மேல்முறையீட்டுக்கும் வழக்குக்கும் பிடிமானம் கிடைப்பதில்லை, எந்தக் கூற்றை மறுப்பது என்பதே தெரியாமல் ஊர் நிற்கிறது.

இதன் விளைவு டங்ஸ்டன் போன்ற பெருந்திட்டங்களில் வெளிப்படுவதில்லை. ஏறத்தாழ 2,000 ஹெக்டேரை விழுங்கும் சுரங்கம் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் இடம்பிடித்துவிடும். மாநிலம் முழுதும் இரவு பகலாக இயங்கும் கல்குவாரிகளில் பெரும்பாலானவை சில ஏக்கர் பரப்பே கொண்டவை. ஒரு குவாரி 5 ஹெக்டேருக்குக் குறைவாகவும், 500 மீட்டருக்குள் வேறு குவாரிகளோடு சேர்ந்து ஒரு தொகுப்பாகாமலும் இருந்தால், சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் நடத்த வேண்டிய பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்கூட அதற்குத் தேவையில்லை. அரசுப் புறம்போக்கில் உள்ள பாறையானால் ஏல அறிவிப்பு மாவட்ட அரசிதழில் வெளியாகிறது, ஊரில் யாரும் வாங்கிப் படிக்காத அந்த இதழே ஊருக்கு அறிவித்ததற்கான சான்றாகவும் ஆகிவிடுகிறது. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்பது விதி. அந்தத் தொலைவுக்குள் வீடு உண்டா, கோயில் உண்டா என்று சான்றளிப்பவர் கிராம நிர்வாக அலுவலர். எந்த வீடு எங்கே இருக்கிறது, எந்தக் கிணற்றுச் சுவர் வெடி அதிர்வில் விரிந்தது, எந்தத் தடத்தில் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள் என்பதையெல்லாம் நன்கறிந்த சபையின் கூற்று கோப்பில் சேர வேண்டியதில்லை. ஒற்றை அலுவலரின் ஒரு பக்கச் சான்று சேர்ந்தாக வேண்டும். ஊர் தன் எதிர்ப்பைத் தீர்மானமாக்கும் நாளில், பல வேளைகளில், குத்தகை கையெழுத்தாகி வெடி வைக்கவும் தொடங்கியிருப்பார்கள்.

எரிசக்தித் திட்டங்களிலும் இதே நிலைதான். சூரிய ஒளி மின்நிலையங்களும் காற்றாலைகளும் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரம்புக்குள் வருவதில்லை என்பதால், ஒரு வட்டாரத்தின் மேய்ச்சல் நிலம் முழுவதையும் வேலி அடைத்துப் பலகைகள் பதித்தாலும் கருத்துக்கேட்புக்கு இடமில்லை. பசுமை ஆற்றல் என்ற பெயர் இருந்துவிட்டால் ஊரைக் கேட்க வேண்டியதில்லை என்ற எண்ணம் அரசுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

தீர்மானத்துக்குச் சட்ட வலு இல்லாவிட்டாலும் தார்மீக வலு உண்டு என்பது அதன் ஆதரவாளர்களின் விடை. அந்தத் தார்மீக வலு எப்போது பலிக்கிறது என்பதை அவர்கள் ஆராய்வதில்லை. டங்ஸ்டன் ஏலத்தை நடத்தியது மத்திய அரசு. அதை எதிர்ப்பதில் மாநில அரசுக்கு அரசியல் இழப்பு ஏதுமில்லை. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை மாநில அரசே விரும்பிய நிலையில், ஏகனாபுரம் கிராம சபை அதை எதிர்த்துத் திரும்பத் திரும்ப நிறைவேற்றிய தீர்மானங்கள் எதையும் நிறுத்தவில்லை. அதே சட்டம், அதே சபை, அதே வடிவத் தீர்மானம். மாறியது திட்டத்தின் உரிமையாளர் மட்டுமே. அரசு விரும்பும்போது மக்களின் குரலாகவும் விரும்பாதபோது வெற்றுத் தாளாகவும் மாறும் ஒன்றை அதிகாரம் என்று அழைப்பது, அதிகாரத்தை உண்மையில் கையில் வைத்திருப்பவர்களுக்குச் செய்யும் உதவி.

இதற்கு எதிரான சான்றாக நியமகிரியை அடிக்கடி காட்டுகிறார்கள். 2013இல் ஒடிசாவின் ராயகடா, களாஹண்டி மாவட்டங்களைச் சேர்ந்த 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன, சுரங்கம் நின்றது. ஆனால் அங்கே சபைகள் கூடியது உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி. அந்த ஆணைக்கு அடித்தளம் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதாவது சபைகளின் விடை, அனுமதி நடைமுறையின் ஒரு கட்டமாகவே கேட்டுப் பெறப்பட்டது. ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் சிறுகனிமக் குத்தகைக்குக் கிராம சபை அல்லது உரிய நிலை ஊராட்சியின் பரிந்துரை கட்டாயம் என்று 1996ஆம் ஆண்டின் ஊராட்சி விரிவாக்கச் சட்டம் கூறுகிறது; தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி ஒன்றுமில்லை. ஆகவே நியமகிரி மெய்ப்பிப்பது தீர்மானத்தின் வலிமையை அன்று, தீர்மானத்தைக் கேட்டாக வேண்டிய சட்டத்தின் வலிமையை.

இங்கிலாந்தின் ஒரு வழக்கு இதை மேலும் தெளிவாக்கும். அங்கே கனிமம் எடுக்கும் விண்ணப்பங்களைத் தீர்மானிப்பது தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட மன்றம். சர்ரி மாவட்ட மன்றம் 2019இல் ஹார்ஸ் ஹில் எண்ணெய்க் கிணறுகளுக்கு அளித்த அனுமதியை, எடுக்கப்படும் எண்ணெய் எரிக்கப்படும்போது வெளியாகும் கரிம வாயுவை மதிப்பிடவில்லை என்ற காரணத்தால், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 20 அன்று சட்டவிரோதம் என்றது. மன்றத்தின் முடிவு மோசமானதாக இருந்திருக்கலாம். ஆனால் அது முடிவாக, காரணங்களோடு, ஏட்டில் இருந்ததால்தான் அதை நீதிமன்றத்தில் உடைக்க முடிந்தது. தமிழ்நாட்டின் கிராம சபை சரியான முடிவையே எடுத்தாலும், அதை மீறிய அலுவலர் எதை மீறினார் என்று சுட்ட ஏட்டில் ஒன்றும் இராது.

கனிம வருவாயில் ஊராட்சிகளுக்கும் பங்கு ஒதுக்கப்படுவதால், சபைக்கு அதிகாரம் கொடுத்தால் குவாரிக்காரர்கள் அதை விலைக்கு வாங்கிவிடுவார்கள் என்று அஞ்சுவோர் உண்டு. அச்சம் நியாயமானதே, எனினும் ஆட்சியர் அலுவலகங்கள் அந்த ஆபத்துக்கு அப்பாற்பட்டவை என்று அவர்கள் நம்புவதுதான் வியப்பு.

தேவைப்படும் மாற்றம் பெரிதன்று. எந்தக் குத்தகை விண்ணப்பமும் வந்த உடனே கிராம சபையின் முன் வைக்கப்பட வேண்டும். சபையின் தீர்மானமும் 300 மீட்டர்ச் சான்றின் மீது சபை கூறுவதும் கோப்பின் பகுதியாக வேண்டும். மறுப்பை மீறிக் குத்தகை வழங்கும் ஆட்சியர் காரணங்களை எழுத்தில் தர வேண்டும். இவற்றுக்கு நாடாளுமன்றத்தின் தயவோ அரசமைப்புத் திருத்தமோ தேவையில்லை. காப்புக்காடுகளைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரை குவாரிக்கு 2021இல் விதித்த தடையை, அடுத்த ஆண்டே விதியைத் திருத்தித் தளர்த்திய மாநில அரசுக்கு, 1959ஆம் ஆண்டு விதிகளைத் திருத்த அரசிதழ் அறிவிப்பு ஒன்றே போதும்.