கைவிட்டது யார்?: நுண்ணோக்கி, நிரல், மறுவாசிப்பு

'கைவிடப்பட்ட மென்பொருள்' என்கிறார்கள். செயப்பாட்டு வினை. கைவிட்டது யாரு? 'குடிசைகள் கொளுத்தப்பட்டன' என்று செய்தித்தாள் எழுதும்போது ஒளிந்திருக்கும் எழுவாயை விடாமல் பிடித்து இழுக்கிற நாம், இங்கே மட்டும் ஏதோ வயசாகிச் செத்துப்போச்சு என்பதாக எடுத்துக்கொள்கிறோம்.

நுண்ணோக்கிப் படங்களை அளக்கும் மென்பொருள்களைப் பற்றிச் சொல்கிறேன். நுண்ணோக்கி காட்டுவது 'உண்மை', மென்பொருள் அதை வெறுமனே எண்ணித் தருகிறது என்பது விஞ்ஞானத்தின் பொதுப்புத்தி. எட்டு பிட் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். இதற்கு மேலே செல், கீழே பின்னணி என்று எங்கேயோ ஒரு கோடு கிழித்தாக வேண்டும். ஓட்சு 1979ல் சொன்ன முறையில் கிழித்தால் ஒரு கணக்கு, வேறு முறையில் கிழித்தால் வேறு கணக்கு. ஒட்டிக்கிடக்கிற இரண்டு செல்லை ஒன்று என்பதா, இரண்டு என்பதா? எல்லாம் வாசிப்புதான். மூலநிரல் அந்த வாசிப்பின் பிரதி. அதைப் பூட்டிவிட்டு முடிவை மட்டும் தருவது, மூலத்தை மறைத்துக்கொண்டு பொழிப்புரை சொல்கிற வேலை.

இரண்டு சாவுகளைப் பார்ப்போம். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பேண்ட் 1987ல் மேக்கின்டாஷுக்காக பாஸ்கல் மொழியில் எழுதியது என்.ஐ.எச். இமேஜ். அரசு ஊழியர் எழுதியது என்பதால் பதிப்புரிமை கிடையாது, மூலநிரல் பொதுச்சொத்து. ஒரே கம்பெனியின் பெட்டியை நம்பியது அதன் பலவீனம். பழைய மேக் நிரல்களை ஓட்டுகிற வசதியை ஆப்பிள் 2007ல் முழுசாக எடுத்துவிட்டது. ஆனால் 1997லேயே ராஸ்பேண்ட் அதை எந்தக் கணினியிலும் ஓடும்படி ஜாவாவில் இமேஜ்ஜே என்று மறுபடி எழுதியிருந்தார். அதன்மேல் ஃபிஜி வந்தது. செல்லரிக்கும் முன் ஏட்டைப் பெயர்த்தெழுதுவது போல. (திறந்த நிரல் என்றாலே சாகாது என்பதும் ஒரு கதையாடல்தான். ராஸ்பேண்டுக்கு மாசாமாசம் சம்பளம் கொடுத்தது ஓர் அரசாங்கம்.)

இன்னொன்று ஓப்பன்லேப். இங்கிலாந்தின் இம்ப்ரோவிஷன் கம்பெனி விற்றது. பெயரில் மட்டும் திறப்பு. 2007ல் இம்ப்ரோவிஷனை பெர்கின்எல்மர் வாங்கியது. பிறகு ஓப்பன்லேப் நின்றுபோனது. அதன் தனிவடிவத்தில் சேமித்த படங்களைப் படிக்க இன்று பயோ-ஃபார்மட்ஸ் என்ற திறந்த நிரலிடம் போக வேண்டும். 150க்கும் மேற்பட்ட கோப்பு வடிவங்களை அது படிக்கும் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது குற்றப்பத்திரிகையாகவே தெரிகிறது. கம்பெனிக்குக் கம்பெனி ஒரு பூட்டு.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இதில் என்ன வேலை? காசநோய் ஆய்வகத்துக்குப் போய்ப் பாருங்கள். நுண்ணோக்கியில் 100 களங்கள் பார்த்து 10 முதல் 99 கிருமிகள் தெரிந்தால் 1+ என்று எழுதுவார்கள். எழுதியதும் தகட்டை எறிந்துவிடக் கூடாது. முதல் முடிவு என்னவென்று தெரியாத இன்னொருவர் சிலவற்றை எடுத்து மறுபடி பார்ப்பார். சளித் தகட்டுக்கே மறுவாசிப்பு உண்டு! படம் கணினிக்குள் போனதும் அந்த உரிமை எங்கே போகிறது? முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியோ திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியோ நாளைக்கு ஒரு கேமரா நுண்ணோக்கி வாங்கினால், கூடவே ஒரு மென்பொருளும் வரும். அதைச் செய்த கம்பெனி பத்து வருஷத்தில் கைமாறினால் மாணவி எடுத்த படம் யாருடையது?

மத்திய அரசு 2015ல் திறந்த மூல மென்பொருள் கொள்கை வெளியிட்டது. அது மின்னாளுகையைப் பற்றிப் பேசுகிறது; கருவியோடு ஒட்டிக்கொண்டு வருகிற மென்பொருள் அதன் பேச்சில் இல்லை. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லித்தருகிறது. அதிகாரம், பிரதி என்று பக்கம் பக்கமாய் எழுதுகிற நம்மில் எத்தனை பேர் அந்த வகுப்பை எட்டிப் பார்த்தோம்? கொள்முதல் தாளில் 'படம் எந்த வடிவத்தில் சேமிக்கப்படும், மூலநிரல் யாரிடம்' என்று இரண்டு கேள்விகளைச் சேர்க்க வைக்கலாம். நம் அரசுக் கல்லூரிகள் இதுவரை வாங்கியவை என்னென்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப்போட்டு அதைத் தொடங்கலாம்.