'அருளர்': ஒரு முதல் இசைத்தட்டும் நமது குரலும்

மேலைநாட்டு இசைத்தட்டுகளைப் பற்றி நம்மிடையே இரண்டு வகையான அபிப்பிராயங்களே நிலவுகின்றன. ஒன்று, 'வெறும் கூச்சல்' என்று ஒதுக்குவது; மற்றது, உலகப் புகழ் பெற்றதாயிற்றே என்று வியந்து தலையாட்டுவது. இரண்டும் விமர்சனமாகா. ஒரு பாடல் எத்தகைய வாழ்க்கையிலிருந்து பிறந்தது, எவருடைய வாயாகப் பேசுகிறது, எவரை மறந்துவிடுகிறது என்னும் கேள்விகளை எழுப்பும்போதே விமர்சனம் தொடங்குகிறது.

2005ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியான 'அருளர்' என்னும் இசைத்தட்டு இக்கேள்விகளுக்குத் தகுதியான படைப்பு. அதைப் பாடியவர் மாதங்கி அருள்பிரகாசம். மாயா என்றும் அழைக்கப்படுபவர். 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில் உலகம் அறிந்த அவருக்கு இதுவே முதல் இசைத்தட்டு. பிரித்தானியாவின் 'மெர்க்குரி' பரிசுக்கு அவ்வாண்டு தெரிவான தட்டுகளுள் இதுவும் ஒன்று. ஆயினும் சப்ரகமுவவின் றப்பர்த் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் நடுவே வாழும் நாம் இதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டியதற்குப் பரிசு காரணமன்று. இத்தட்டின் தலைப்பிலேயே நமது வரலாற்றின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மாயா 1975இல் லண்டனில் பிறந்தவர். கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் சென்னையிலும் சிறிது காலம் வாழ்ந்து, 1986இல் தாயுடனும் உடன்பிறந்தாருடனும் அகதியாக மீண்டும் லண்டனை அடைந்தார். அங்கே மிச்சம் பகுதியில் 'பிப்ஸ் பிரிட்ஜ் எஸ்டேட்' என்னும் அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்தார். தாயார் தையல் வேலை செய்து பிள்ளைகளைக் காத்தார். எஸ்டேட் என்றவுடன் நமக்குத் தோன்றுவது லயமும் பிரட்டுக்களமும். ஆங்கிலேயனுடைய ஊரிலோ அச்சொல் ஏழைகளை அடுக்கிவைத்த மாடிக் கட்டடத்தைக் குறிக்கிறது. ஒரே ஆட்சி மொழி இரண்டு கரைகளிலும் வறியவர் வசிப்பிடத்துக்கு ஒரே பெயரை இட்டிருப்பது சிந்திக்கத்தக்கது.

சென்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் திரைப்படக் கலை பயின்ற மாயா, இசைப் பயிற்சி பெற்றவரல்லர். 'எலாஸ்டிகா' என்ற ரொக் இசைக்குழுவின் 2000ஆம் ஆண்டுத் தட்டுக்கு உறை ஓவியம் தீட்டினார். அக்குழுவின் பயணத்தைப் படம்பிடிக்கச் சென்றார். அப்பயணத்திலேதான் 'பீச்சஸ்' என்ற பாடகியின் ஊக்குவிப்பால் ரோலண்ட் எம்.சி. 505 என்னும் சிறிய தாள இயந்திரத்தைக் கையாளத் துணிந்தார். படுக்கையறையில் வைத்து இயக்கக்கூடிய அப்பெட்டியிலிருந்தே 'அருளர்' பாடல்களின் முதல் வடிவங்கள் பிறந்தன. 2003இல் 'கலாங்' என்ற பாடல் ஐந்நூறு தட்டுகளாக மட்டும் வெளிவந்தது. பெரிய கலையகமும் வாத்தியக் கோஷ்டியும் இல்லாதவளும் பாடலாம் என்பதை அந்த ஐந்நூறு தட்டுகளே நிரூபித்துவிட்டன.

இனி, தட்டின் உருவத்தை நோக்குவோம். யமேக்கா நாட்டு நடன இசை, பிரேசிலின் ரியோ நகரச் சேரிகளின் தாளம், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சுப்பாட்டு, லண்டன் தெருவின் கொச்சை ஆங்கிலம் ஆகியன இதில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. குரலோ இனிமைக்காக ஏங்குவதில்லை. பெண்குரல் என்றால் தேனாகவும் குயிலாகவும் இருக்கவேண்டும் என்று நமது சினிமாவும் பாடசாலை மேடையும் விதித்திருக்கும் சட்டத்தை அது மதிக்கவேயில்லை. சண்டைக்கு நிற்பதுபோலவும், சந்தையில் கூவுவதுபோலவும், சிறுமிகள் கைகொட்டி விளையாடுவதுபோலவும் அது ஒலிக்கிறது.

தட்டின் தொடக்கத்தில் வரும் சிறு உரையாடல் துண்டை ஆசிரியர்கள் கவனிக்கவேண்டும். அகதிகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பு. வாழைப்பழத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து உருப்போடும் பாடம். சில விநாடிக்குள் முடிந்துவிடும் அந்தக் கேலி, வறியவர்க்கு அளக்கப்படும் கல்வியின் அளவு எவ்வளவு என்பதைச் சுட்டிவிடுகிறது. நமது தோட்டப் பாடசாலைகளில் பணியாற்றுவோர் சிரித்துக்கொண்டே அதைக் கடந்துவிட முடியாது.

உள்ளடக்கத்திலும் உரமுள்ள இடங்கள் உண்டு. வறுமை காரணமாக உடலை விலைபேச நேரும் இளம்பெண்ணொருத்தி 'பத்து டொலர்' என்ற பாடலில் வருகிறாள். அங்கே உபதேசமுமில்லை, கண்ணீருமில்லை. 'சன்ஷவர்ஸ்' என்ற பாடலில், ஒரு புகைப்படத்தைக் காட்டிக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்படும் மனிதன் வருகிறான். இப்பாடலில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் இடம்பெற்றதால், அதை நீக்கினாலொழிய ஒளிபரப்புவதற்கில்லை என்று எம்.டி.வி. தொலைக்காட்சி கூறியது, மாயா நீக்க உடன்படவில்லை. எனினும் அப்பாடலின் உண்மையான பலம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒரு கம்பனியின் சப்பாத்தைக் காலில் அணிந்தவன், இன்னொரு கம்பனியின் சப்பாத்தைத் தொழிற்சாலையில் செய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறான் என்று போகிறபோக்கில் ஒரு சித்திரம் வருகிறது. முதலாளித்துவ உலகின் முழுச் சங்கிலியும் அந்த ஒரு வீச்சில் தெரிந்துவிடுகிறது. விடியலில் றப்பர் மரத்தில் பால்வெட்டும் இரத்தினபுரித் தோட்டப்பெண் அச்சங்கிலியின் முதற்கண்ணியில் நிற்பவள் அல்லவா!

ஆனால் அந்தச் சித்திரம் அங்கேயே நின்றுவிடுகிறது. உழைப்பை ஒருமுறை கண்ட கண், உடனே துப்பாக்கிக்கும் புலிக்கும் திரும்பிவிடுகிறது. உறை ஓவியங்களிலும் பாடல்களிலும் ஆயுதமும் டாங்கியும் வெடிகுண்டும் வண்ண வண்ணமாக மலிந்துள்ளன. கிளர்ச்சியின் காரணம் ஓரிடத்தில் மின்னுகிறது. கிளர்ச்சியின் அடையாளமோ எங்கும் பரந்துகிடக்கிறது. அடையாளத்தைச் சந்தை எளிதில் விழுங்கிவிடும். சட்டையில் அச்சிட்டு விற்றும்விடும். காரணத்தை அவ்வாறு விற்றல் இயலாது. இத்தட்டின் அடிப்படைப் பலவீனம் இதுவே.

இப்பலவீனம் தலைப்போடு தொடர்புடையது. 'அருளர்' என்பது மாயாவின் தந்தை அருட்பிரகாசத்தின் இயக்கப் பெயர். 1975இல் லண்டனில் ஈரோஸ் அமைப்பைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தின்பின் அகதிகளை வடக்கே ஏற்றிச்சென்ற கப்பலைக் களமாகக் கொண்ட 'லங்கா ராணி' நாவலை எழுதியவரும் அவரே. ஏனைய இயக்கங்களினின்று ஈரோஸ் வேறுபட்ட முக்கிய அம்சம் யாது? மலையகத் தோட்டத் தொழிலாளரை விடுதலையின் ஓரத்தில் வைக்காமல் மையத்தில் வைத்துச் சிந்தித்ததேயாகும். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள், 1977இலும் 1983இலும் தாக்கப்பட்ட மக்கள், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்து லயங்களைவிட்டு ஓடிய மக்கள் அக்கோட்பாட்டில் இடம்பெற்றனர். கோட்பாடு நடைமுறையில் எவ்வளவு நிறைவேறிற்று என்பது வேறு விவாதம். தந்தையின் பெயர் மகளின் தட்டில் ஏறியபோது, அப்பெயருக்குப் பின்னால் நின்ற தொழிலாளி மட்டும் ஏறவில்லை என்பதே இங்கு நாம் கூறவிரும்புவது.

இதற்காகப் பாடகியைக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. வீட்டில் இல்லாத தந்தையின் பெயரையே தட்டுக்கு இட்டவர் அவர். பெயரை மாற்றும்படி தந்தை கேட்டுக்கொண்டபோதும் மாற்ற மறுத்தார். 'எம்.ஐ.ஏ.' என்ற சுருக்கமே போரில் காணாமற்போனோரைக் குறிக்கும் இராணுவச் சொற்றொடர். காணாமற்போனோரின் படங்களை ஏந்தித் தாய்மார் தெருவில் நிற்கும் இந்நாட்டில் அச்சொல்லின் கனம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கொள்கையாகத் தந்தையை அறியாமல், இல்லாமையாகவே அறிந்த ஒரு மகளின் தட்டு இது. அதன் உண்மையும் குறையும் அங்கிருந்தே பிறக்கின்றன.

இன்னொரு கேள்வியும் உண்டு. 'பக்கி டன் கன்' என்ற பாடலின் இசை, ரியோ சேரிப் பாடகி டெய்சி டிக்ரோனாவின் பாடலொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அவர் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்தவர். சேரிக்குச் சேரி தாளம் கைமாறுவது சகோதரத்துவம். லண்டன் கம்பனியின் கல்லாப்பெட்டி வழியாகக் கைமாறும்போது அது வர்த்தகமுமாகும். இரண்டையும் ஒருங்கே காண்பவனே நேர்மையான விமர்சகன்.

கடன்வாங்கிப் பாடுவது நமக்கும் புதிதன்று. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், மக்கள் அறிந்த மெட்டுகளில் தொழிலாளர் துயரத்தை ஏற்றித் தோட்ட மேடைகளில் பாடினார். 1940இல் அப்பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். மெட்டு இரவல்; குரலும் கோபமும் சொந்தம். கேட்டோர் எவரோ அவர்களைப் பற்றியதே பாடல். மாயாவுக்கு உலகம் முழுவதும் செவி கிடைத்தது. மீனாட்சியம்மாளுக்குக் கிடைத்த அந்த நெருக்கம் 'அருளர்' தட்டுக்குக் கிடைக்கவில்லை. தாயின் பெயரில் 2007இல் வெளியிட்ட 'கலா' என்ற அடுத்த தட்டுக்காக மாயா தமிழ்நாட்டுக்குச் சென்று உருமி மேளத்தைப் பதிவுசெய்தமை, அந்த நெருக்கத்தை அவரும் தேடினார் என்பதற்குச் சான்றாகும்.

ஆகவே நமது மாணவியர் 'அருளர்' தட்டிலிருந்து எதைப் பெறவேண்டும்? துப்பாக்கிப் படத்தையன்று, லண்டன் கொச்சையையுமன்று. குரல் இனிக்காவிட்டாலும் பாடலாம், கருவி சிறிதாயினும் போதும், எவர் அனுமதியும் வேண்டியதில்லை என்னும் துணிவைப் பெறவேண்டும். விடியலில் தொழிலாளரை வேலைக்கு எழுப்பத் தோட்ட நிர்வாகம் அடிப்பித்த அதே தப்பு, நமது திருவிழாவிலும் இழவு வீட்டிலும் ஒலித்த நமது வாத்தியமுமாகும். தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பயிற்றும் ஆசிரியர்கள், 'குரல் வளம் போதாது' என்று பின்வரிசையில் நிறுத்தும் பெண்ணிடம் ஒருமுறை அந்தத் தப்பைக் கொடுத்துப் பார்க்கட்டும். 'அருளர்' கண்டும் காணாமற் கடந்துபோன பால்வெட்டும் பெண், அப்போது தன் கதையைத் தானே பாடுவாள்.