மார்பகப் புற்றுநோய் மீட்சியில் யோகம்: ஓர் ஆய்வின் வலிமையும் வரம்பும்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் 2014இல் வெளியிட்ட ஆய்வு, மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்த 200 பெண்களை இரு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழு 12 வாரங்கள் ஹட யோகம் பயின்றது. மற்றது காத்திருப்பில் வைக்கப்பட்டது. பயிற்சி முடிந்து 3 மாதங்களுக்குப் பின், காத்திருந்தோரைவிடப் பயின்றோரிடம் களைப்பும் குருதியின் அழற்சிக் குறியீடுகளும் குறைந்திருந்தன.

பங்கேற்பாளரின் கூற்றோடு நில்லாது குருதிச் சான்றையும் நாடியது இவ்வாய்வின் வலிமை. எனினும், காத்திருந்தோர்க்குப் பயிற்றுநரின் கவனிப்போ குழுவின் தோழமையோ கிட்டவில்லை. ஆகவே, பயன் ஆசனத்தால் விளைந்ததா, தோழமையால் விளைந்ததா என்பதை இவ்வடிவமைப்பு பிரித்துக் காட்டாது.

மேலும், ஆராயப்பட்டது சிகிச்சைக்குப் பிந்தைய மீட்சியே, நோய்நீக்கம் அன்று. இவ்வேறுபாட்டை மறந்து, யோகம் புற்றுநோயைத் தீர்க்கும் என மொழிவது, உரிய மருத்துவத்தை நோயாளர் தள்ளிப்போட வழிவகுக்கும்.