எவர்குவெஸ்ற்: முன்னதும் பின்னதும்

ஒரு படைப்பு மக்களிடையே பெருவரவேற்பைப் பெற்றுவிட்டால், அதற்கு ஒரு தொடர்ச்சியை உண்டாக்க வேண்டும் என்ற ஆசை இருவேறு இடங்களிலிருந்து பிறக்கக்கூடும். முதற் படைப்பு எழுப்பிய வினா விடையின்றி நிற்கிறதே என்ற கவலையிலிருந்து பிறக்கலாம். முதற் படைப்பு ஈட்டிய இலாபத்தை இன்னொரு முறையும் ஈட்டலாமே என்ற கணக்கிலிருந்தும் பிறக்கலாம். சிலப்பதிகாரத்தின் தொடர்ச்சியான மணிமேகலை முதல் வகையைச் சேர்ந்தது. முன்னதில் ஓர் அரசனின் அநீதி மதுரையை எரித்தது. பின்னதில் கோவலனின் மகள் பசி என்னும் பெரும்பிணியின் முன் நிற்கிறாள், அமுதசுரபியை ஏந்துகிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவிக்கிறாள். காவியச் சுவையில் முன்னதற்கு இது ஈடாகாது என்பார் உளர். ஆயினும், ஓர் அரசனின் அநீதியிலிருந்து உலகத்துப் பசிக்கு வினாவை விரித்தது மணிமேகலையே என்பதை அவர்களும் மறுக்கமாட்டார்கள். தொடர்ச்சிகளை மதிப்பிட எம்மிடம் உள்ள அளவுகோல் இதுதான்.

இந்த அளவுகோலை இணையவழிக் கணினி விளையாட்டொன்றின் மீது வைத்துப் பார்ப்பது சிலருக்கு வீண் வேலையாகத் தோன்றலாம். பகலில் எமது வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவரிற் பலர் இரவில் வேறொரு பெயரும் வேறோர் உடலும் பூண்டு, முகமறியாத மனிதருடன் கூடிப் போர்புரிகின்றனர். காத்தவராயன் கூத்துக்கு விடியவிடிய வேடங் கட்டிய மண்ணுக்கு இது முற்றிலும் அந்நியமான செயலன்று. கூத்தைப் பற்றி ஆய்வுகள் எழுதுகிறோம். பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தை மட்டும் 'கெட்ட பழக்கம்' என்ற ஒரு சொல்லால் தள்ளிவிடுகிறோம். இது விமர்சனமன்று, சோம்பல்.

வேடம் புனைந்தாடும் இணைய விளையாட்டுகளுள் முன்னோடிகளில் ஒன்று எவர்குவெஸ்ற். 1999 மார்ச்சில் அமெரிக்காவில் வெளிவந்தது. நொறாத் என்ற கற்பனை உலகத்தில் பதினான்கு தொழில்களுள் ஒன்றைத் தெரிந்துகொண்டு, மாதம் ஏறக்குறைய 10 டொலர் கட்டணம் செலுத்தி ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் ஆடினர். சில ஆண்டுகளில் கட்டணம் செலுத்துவோர் தொகை நான்கு இலட்சத்தைத் தாண்டியது. அந்த 1999இல் யாழ்ப்பாணம் இருந்த நிலையை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். ஏ9 பாதை மூடிக் கிடந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஆண்டுகள் கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தன. நொறாத் எமது குடாநாட்டுக்கு வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. ஆகவே இளமை நினைவின் மயக்கம் எதுவுமின்றி இரு பாகங்களையும் ஒப்பிட எம்மால் இயலும்.

முதற் பாகத்தின் அடிப்படை விதி ஒன்றே: எவரும் தனியே முழுமையானவர் அல்லர். போர்வீரன் அடியைத் தாங்குவான்; தன் காயத்தை ஆற்ற அவனால் முடியாது. மதகுரு காயம் ஆற்றுவார். எதிரியை எதிர்த்து நெடுநேரம் நிற்க அவரால் முடியாது. மயக்குவித்தைக்காரர் மற்றவரின் மந்திர ஆற்றலை விரைவாக ஊறச் செய்வார். தொலைவழி போக வேண்டுமாயின் வழிமந்திரம் அறிந்தவரைத் தேட வேண்டும். இறந்தவரின் உடைமைகள் அனைத்தும் இறந்த இடத்திலேயே பிணத்தோடு கிடக்கும். வெறுங்கையுடன் திரும்பிச் சென்று மீட்க வேண்டும். அந்த வேளையில் முன்பின் அறியாதவர்கள் உடன் வந்து காவல் நின்றார்கள். அப்படி வருமாறு எந்த விதியும் அவர்களைப் பணிக்கவில்லை.

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் துலாக் கிணறு இறைத்தவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். துலா மிதிப்பவர் ஒருவர்; பட்டை பிடிப்பவர் ஒருவர்; பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுபவர் ஒருவர். மூவரில் ஒருவர் வராவிட்டால் அன்று வெங்காயத்துக்குத் தண்ணீர் இல்லை. பின்னர் இயந்திரம் வந்தது. ஒருவரே மூவர் வேலையையும் செய்தார். அதை இழப்பென்று நாம் கண்ணீர் வடிக்கத் தேவையில்லை. அந்தத் துலாவில் கூலிக்கு மிதித்தவரிற் பலர் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த நிலமற்ற மக்கள். அவர்களின் முதுகு முறிவைப் 'பழைய கூட்டுவாழ்வு' என்று பாடுவது நிலமுடையோரின் கற்பனை. எவர்குவெஸ்றின் முதற் பாகத்திலும் இத்தகைய முதுகு முறிவு ஏராளம். ஒரே விலங்கின் வருகைக்காக மணிக்கணக்கிற் காத்திருத்தல், திரையை மறைக்கும் மந்திரப் புத்தகத்தை வெறித்தபடி ஆற்றல் ஊறும்வரை இருத்தல் ஆகியவற்றை எவரும் இன்பமென்று கூறார். எனவே சலிப்பைக் குறைத்ததற்காக இரண்டாம் பாகத்தைக் குறைகூற முடியாது. மிச்சமாகிய நேரம் யாருக்குச் சேர்ந்தது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இரண்டாம் பாகம் 2004 நவம்பரில் வெளிவந்தது. அதன் கதைக்களம் முன்னதிலும் வலியது என்று துணிந்து கூறலாம். ஐந்நூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. லூக்லின் என்ற சந்திரன் வெடித்து நொறாத்தின் மீது வீழ்ந்து, நிலங்கள் தீவுகளாகச் சிதறிவிட்டன. ஒவ்வோர் இனத்துக்கும் இருந்த சொந்த ஊர் அழிந்துவிட்டது. ஆட்டக்காரர் கடலிலிருந்து மீட்கப்பட்ட ஓர் அகதியாகத் தீவொன்றில் கரையேறுகிறார். எஞ்சியிருப்பவை கீனோஸ், ஃபிறீபோற் என இரு பெருநகரங்கள். அவற்றுள் ஒன்றில் குடியுரிமை பெற்றாக வேண்டும். அங்கும் புதியவர்களுக்கு இனவாரியாகப் பிரித்த குடியிருப்புகளே ஒதுக்கப்படுகின்றன.

அகதி, குடியுரிமை, பிரிக்கப்பட்ட குடியிருப்பு! 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவில் மூட்டைமுடிச்சுகளுடன் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கும், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையக மக்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கும் இச்சொற்கள் வெறுங் கதையல்ல. முதற் பாகத்தில் இல்லாத பெருவினா ஒன்று இங்கே கையருகே கிடந்தது. மணிமேகலை செய்ததை இதுவும் செய்திருக்கலாம்.

செய்யவில்லை. குடியுரிமை ஒரு சிறிய ஏவல் வேலைக்குக் கிடைக்கும் பரிசாகிவிடுகிறது. எவரும் நிராகரிக்கப்படுவதில்லை, எவரும் வரிசையில் காத்திருப்பதில்லை, ஒரு கடுதாசி இல்லாமையால் எவருடைய வாழ்வும் சிதைவதில்லை. இந்த அகதிக்குத் தாம் விட்டுவந்த ஊரும் இல்லை, அதைப் பற்றிய ஏக்கமும் இல்லை. பத்து வீடு மாறிய எமது கிழவி ஒருத்திக்குத் தன் முற்றத்து முருங்கை நின்ற திசை நினைவிருக்கும். இந்தக் கதாநாயகருக்கு அதுகூட இல்லை.

கதையைக் காட்டிலும் பாரதூரமானது விதி. முதற் பாகத்தில் வழியே போகும் எவரும், அடிபட்டுச் சாகக் கிடப்பவரின் மீது ஒரு சுகமந்திரத்தை ஏவிக் காப்பாற்றிவிட்டுப் பெயர் சொல்லாமற் போகலாம். இரண்டாம் பாகம் வெளிவந்தபோது ஒவ்வொரு சண்டையும் பூட்டப்பட்டிருந்தது. ஒரு குழு தொடங்கிய சண்டையில் வெளியார் தலையிட முடியாது. அக்குழு உதவி கோரிக் கூவினால் மட்டுமே பூட்டுத் திறக்கும். கூவினாலோ வெற்றியின் பயன் அவர்களுக்குக் கிட்டாது. பிறர் கொல்லும் விலங்கைத் தட்டிப் பறிப்போரைத் தடுக்கவே இவ்விதி வந்தது. அக்குறை முதற் பாகத்தில் மெய்யாகவே இருந்தது. திருடனைத் தடுக்க வேலி போட்டார்கள். வேலி அயலவனையும் தடுத்தது. யாழ்ப்பாணத்தார்க்கு வேலியின் குணத்தை விளக்க வேண்டியதில்லை. அகதிகளைப் பற்றிய ஒரு கதையில், முகமறியாதவர் செய்யும் உதவியைச் சட்டமே தடுக்கிறது!

கூட்டுணர்வை இரண்டாம் பாகத்தார் முற்றாக மறந்தனர் என்று கூறுவது நியாயமன்று. அதை அவர்கள் சட்டத்தால் உண்டாக்க முயன்றார்கள். குழுவில் ஒருவர் இறந்தால் அவருடைய இழப்பில் ஒரு பங்கை அனைவரும் கடனாகச் சுமக்க வேண்டும் என்று விதித்தனர். விளைவு நேர்மாறாயிற்று: தேர்ச்சியற்ற புதியவரைக் குழுவிற் சேர்க்க ஆட்கள் அஞ்சினர். கைத்தொழில் ஏற்பாடு இதனினும் நன்று. கொல்லருக்கு வேண்டிய எண்ணெய்களையும் பூச்சுகளையும் இரசவாதி காய்ச்சித் தரவேண்டும். ஒருவரின் உற்பத்தி மற்றவரின் உற்பத்தியில் தங்கியிருந்தது. உழைப்பின் சமூகத் தன்மையை இவ்வளவு தெளிவாகக் காட்டிய விளையாட்டுகள் மிகச் சில. ஆட்டக்காரர் முறையிட்டனர், ஏற்பாடு கைவிடப்பட்டது, ஒவ்வொருவரும் தமக்குத் தேவையானதைத் தாமே செய்துகொள்ளலாயினர். இரண்டாம் பாகத்தின் மிகச் சிறந்த பகுதி எதுவோ அதுவே முதலில் வெட்டப்பட்டது.

இனிச் சந்தையைப் பார்ப்போம். முதற் பாகத்தில் சந்தையை எவரும் கட்டிக்கொடுக்கவில்லை. பல சேவையகங்களில் கிழக்குப் பொதுநிலத்துச் சுரங்கவழி ஒன்றில் ஆட்டக்காரர் தாமாகவே கூடினர்; கூவி விற்றனர்; பேரம் பேசினர். 2001இல் வந்த விரிவாக்கம் ஒன்று, ஆளில்லாமலே பொருளை விற்கும் கடைத்தெருவை அமைத்து அந்தச் சந்தையை வெறுமையாக்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். சீரழிவு முதற் பாகத்தின் உள்ளேயே தொடங்கிவிட்டது. அதே 2001இல் எட்வேர்ட் கஸ்ரனோவா என்ற பொருளியலாளர் நொறாத்தின் பொருளாதாரத்தைக் கணக்கிட்டார். ஆட்டக்காரர் தம் கற்பனைப் பொருள்களை மெய்ப்பணத்துக்கு விற்ற விலைகளைக் கொண்டு, அங்கே தலைக்குரிய உற்பத்தி 2,266 டொலர் என்றும், அது ஏறக்குறைய ருஷ்யாவின் நிலைக்குச் சமம் என்றும் கண்டார். மதிப்பை உண்டாக்குவது மனித உழைப்பே என்பதற்கு, மண்ணும் இரும்பும் இல்லாத உலகமொன்றிலிருந்தே சான்று கிடைத்தது.

அந்த மெய்ப்பண வியாபாரத்தை அப்போது கொம்பனி எதிர்த்தது. சோனி கேட்டதன்பேரில் 2001இல் ஈபே ஏலத்தளம் அப்பொருள்களை நீக்கியது. ஆட்டக்காரர் உழைத்து ஈட்டியவை அனைத்தும் கொம்பனியின் சொத்து என்பது அதன் வாதம். 2005இல் இரண்டாம் பாகத்தின் சில சேவையகங்களில் அதே கொம்பனி 'ஸ்ரேஷன் எக்ஸ்சேஞ்ச்' என்ற பெயரில் டொலர்ச் சந்தையொன்றைத் திறந்து, தரகும் அறவிட்டது. பாவம் என்று சொல்லப்பட்டது, தரகு கிடைத்ததும் சேவையாயிற்று. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே இன்னொரு புதுமையும் வந்திருந்தது: சண்டையின் நடுவில் ஒரு கட்டளையைத் தட்டச்சிட்டால் பீட்ஸா ஹட்டிலிருந்து வீட்டுக்கு உணவு தருவிக்கலாம். மணிமேகலையின் பாத்திரம் எங்கே, இது எங்கே!

மாலையில் ஒரு மணி நேரம் மட்டுமே ஓய்வுள்ள ஒரு தொழிலாளியோ ஆசிரியரோ ஐந்து துணைவருக்காக எப்படிக் காத்திருப்பது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டாம் பாகம் வெளிவந்து ஏறக்குறைய இரு வாரங்களில் வந்த வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ற், தனியே ஆடுவோருக்கும் வழி திறந்து, கோடியைத் தொடும் ஆட்டக்காரரைத் திரட்டியது. எவர்குவெஸ்றின் இரண்டாம் பாகம் அதைப் பார்த்துப் பார்த்தே தன் விதிகளைத் தளர்த்தியது. ஆனால் ஓய்வு குறைந்தவர்கள் சுருக்கமாகக் கூடுவதற்கு வழி தேடுவது வேறு. கூடவே தேவையில்லை என்று ஆக்குவது வேறு. இரண்டாம் பாகம் எளிதானதையே செய்தது. மிச்சமான நேரத்தை ஆட்டக்காரரே இன்னோர் ஏவல் வேலையில் செலவிட்டனர். டொலர்ச் சேவையகங்களில் அந்த நேரமே விலைக்கு வந்தது.

காட்சியழகிலும், பாத்திரங்கள் வாய்திறந்து பேசுவதிலும், வீடு அமைத்து அலங்கரிக்கும் வசதியிலும் பின்னது முன்னதை வென்றது. எனினும் காலம் வேறு தீர்ப்பையே எழுதியது. இரு விளையாட்டுகளும் 2020இன் இறுதியில் சுவீடன் நிறுவனமொன்றின் கைக்கு மாறின. அவ்வேளை வெளியிடப்பட்ட கணக்கின்படி முதற் பாகத்துக்குக் கட்டணம் செலுத்துவோர் ஏறக்குறைய 66,000 பேர். இரண்டாம் பாகத்துக்கு 21,000 பேர். மூன்றாவதாகத் திட்டமிடப்பட்ட தொடர்ச்சி அதற்கு முன்பே, 2016 மார்ச்சில் கைவிடப்பட்டிருந்தது. இதற்கிடையில் ஆர்வலர் சிலர் 1999ஆம் ஆண்டின் நொறாத்தை அதன் தொல்லைகள் யாவற்றுடனும் தாமே மீளக் கட்டி, 2009இல் கட்டணமின்றித் திறந்துவிட்டனர். 2015இல் கொம்பனியும் அதற்கு இசைவு தந்தது. கடைத்தெரு இல்லாத அந்த உலகில், கிழக்குப் பொதுநிலத்துச் சுரங்கவழியில் மறுபடியும் ஆட்கள் கூடிக் கூவி விற்கத் தொடங்கினர்.