குட்டைக் குழலும் பெட்டிமேல் அச்சிட்ட வேகமும்

அமெரிக்காவில் சைலன்சருக்கு 1934 முதல் இருந்துவந்த 200 டாலர் வரி, 2026 ஜனவரியோடு நீங்கிவிட்டது. வேட்டைத் துப்பாக்கிகளில் ஏற்கெனவே பரவியிருந்த குட்டைக் குழல் மோகத்துக்கு இனிக் கேட்கவே வேண்டாம். 24 அங்குலக் குழலின் நுனியில் சைலன்சரையும் திருகினால் துப்பாக்கி நாலடியைத் தாண்டுகிறது. ஆகவே குழலை 16, 18 அங்குலத்துக்குக் குறைத்துவிடு, ஒன்றும் குடிமுழுகாது என்கிறார்கள். 16க்கும் கீழே போனால் தனிப் பதிவு வேண்டும். இல்லையென்றால் அங்கேயும் நின்றிருக்க மாட்டார்கள்.

அடர்காட்டில் பரண்மேல் இருந்து நூறு கெஜத்துக்குள் வெண்வால் மானைச் சுடுபவருக்கு இது நல்ல கருவிதான். கைக்கு அடக்கம், குழல் விறைப்பாக இருப்பதால் குறியும் கெடாது, காதும் தப்பும். .308 வின்செஸ்டர் போன்ற அளவான தோட்டா 18 அங்குலத்தில் பெரிதாக எதையும் இழப்பதில்லை.

தோட்டாவைத் தனியாகவும் குழலைத் தனியாகவும் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பெட்டிமேல் இருக்கும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. அந்த எண்ணைப் பார்த்துத் தோட்டாவை வாங்குகிறவர், அதைச் சுடுவதோ 16 அங்குலக் குழலில். 6.5 கிரீட்மோரின் 143 கிரெயின் குண்டு, பெட்டிக் கணக்கில் விநாடிக்கு 2700 அடி வேகத்தில் கிளம்புகிறது. குழலில் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 20 முதல் 30 அடி போகும். எட்டு அங்குலத்தை வெட்டியவர் 2500 அடியை ஒட்டித்தான் தொடங்குகிறார். பறக்கும்போது அந்தக் குண்டு நூறு கெஜத்துக்குச் சுமார் 130 அடி வேகத்தை இழக்கிறது. அதாவது 300 கெஜத்தில் நிற்கும் எல்க் மானை அவர் சுடும்போது, நெடுங்குழல்காரர் 450 கெஜத்தில் சுட்ட வேகம்தான் அதன் மேல் விழுகிறது.

பெரிய தோட்டாக்களில் இழப்பு இன்னும் கூடுதல். 1963இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் நீண்ட குழலில் மெதுவாக எரியும் மருந்தை நம்பியது. அதை 16 அங்குலத்தில் சுட்டால், 1906ஆம் ஆண்டின் .30-06 நீண்ட குழலில் தரும் வேகத்தின் அருகே வந்து நிற்கும். மேக்னத்தின் உதை மட்டும் தோளுக்கு அப்படியே கிடைக்கும்.

வேகம் குறைந்தால் என்ன, மான் சாகத்தானே போகிறது என்பார்கள். வேட்டைக் குண்டு உடலுக்குள் மலர வேண்டும். பல குண்டுகள் 1800 அடிக்குக் கீழே சரியாக மலர்வதில்லை. செப்புக் குண்டுகளில் சில 2000 அடியாவது கேட்கும். கலிபோர்னியாவில் 2019 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. அங்கே குட்டைக் குழல் வாங்குகிறவர் இரண்டு பக்கமும் நெருக்கப்படுகிறார். மலராத குண்டு கோணி ஊசிபோல் உள்ளே போய் வெளியே வந்துவிடும். துளை சிறிது, இரத்தத் தடமும் குறைவு. குறி தப்பியது என்று நினைத்து வேட்டைக்காரர் திரும்பிவிட, அந்த மிருகம் எங்கோ மணிக்கணக்கில் துடித்துச் சாகிறது. துப்பாக்கியை அரையடி சுருக்கிய வசதிக்கு அது கொடுக்கும் விலை இது.

இந்த இடத்தில் தவறாமல் டபிள்யூ. டி. எம். பெல்லை இழுத்துவருவார்கள். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேல் யானைகளைக் கொன்றவர், அவற்றில் பெரும்பகுதியை எளிய .275 தோட்டாவாலேயே கொன்றவர். பிறகு வேகம் எதற்கு என்பது வாதம். பெல் சுட்டவை மலராத, கெட்டிக் குண்டுகள். வளையாமல் நேரே மூளைவரை போவது ஒன்றே அவற்றின் வேலை. மலர்வதற்காகவே செய்த குண்டை மலர முடியாத வேகத்தில் அனுப்பிவிட்டுப் பெல்லைச் சாட்சிக்கு அழைப்பது, அவர் தொழிலையே அறியாமல் பேசுவது.

2025இல் ஃபெடரல் நிறுவனம் 7 மி.மீ. பேக்கன்ட்ரி என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. குட்டைக் குழலிலும் பழைய வேகம் கிடைக்கப் பித்தளைக் கூட்டை விட்டு எஃகுக் கூட்டுக்குப் போய், அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 80,000 பவுண்டுவரை ஏற்றியிருக்கிறார்கள்; .30-06க்கு வரம்பு 60,000. ஒன்றும் இழக்கவில்லை என்றால் இவ்வளவு பாடு எதற்கு?

பெட்டியில் 16 அங்குலக் குழலின் வேகத்தையும் சேர்த்து அச்சிடப் புது உலோகம் எதுவும் வேண்டாம். அது வரும்வரை, குட்டைக் குழலோடு மலையேறுகிறவர் தன் குண்டின் வேகத்தை வேகமானி வைத்துத் தானே அளக்கட்டும். அளக்காதவர் இருநூறு கெஜத்துக்கு அப்பால் நிற்கும் மிருகத்தைச் சுடவே கூடாது.