சாவகத்து ஐஞ்சுர இசை

சாவகத்துக் கமெலன் இசைக்குரிய சுர அமைப்புக்கள் இரண்டனுள் சிலேந்துரோ என்பது ஐந்து சுரங்களால் இயல்வது. எண்ணொப்புமை ஒன்றே பற்றி இதனை மோகனத்தோடு ஒன்றெனத் துணிதல் பொருந்தாது. அலெக்சாண்டர் எல்லிஸ் 1885-இல் பல நாட்டுச் சுரங்களை ஆராய்தற்குக் கையாண்ட முறை, ஒரு ஸ்தாயியை 1200 கூறாக்கி அளப்பது. அம்முறையால் நோக்கின், மோகனத்தின் இடைவெளிகள் ஏறத்தாழ 200, 300 என இருதிறப்படும். சிலேந்துரோவின் ஐந்தும் 240-ஐ அணுகி நிற்கும். அணுகும் என்பதல்லது அதுவே என்றிலம், என்னை? ஒரு கமெலன் தொகுதியின் சுருதி மற்றொன்றற்கு இல்லை. ஒரு தொகுதியின் வெண்கலக் கருவிகள் ஒருங்கே சுருதி கூட்டப்பெறுவன. அவற்றுள் ஒன்றைப் பிறிதொரு தொகுதியிற் புகுத்தின் இசையாது. தொகுதிகள் 'கியாய்' என்னும் சிறப்படையோடு தனிப்பெயர் பெற்று வழங்குதலும், 'கோங்' என்னும் பெருஞ்சேகண்டிக்கு மலரும் நறும்புகையும் படைத்தலும் இதனோடு வைத்து எண்ணத்தக்கன. அங்ஙனமாகவும், பல தொகுதிகளின் அளவைக் கூட்டிச் சராசரி கண்டு, அதுவே சாவகச் சுரம் என்பார், எத்தொகுதியினும் ஒலியாத ஒன்றனை ஆராய்வாராவர். இனி, இரபாபு என்னும் இருநரம்பு வில்லிசைக் கருவியும் மிடற்றுப் பாடலும் அவ்வெண்கலச் சுருதியினின்றும் ஓரோவழி விலகிச் செல்லும். அவ்விலக்கம் ஆண்டுப் பிழையெனக் கொள்ளப்படுவதன்று, அழகெனவே போற்றப்படுவது.