ஈயின் சான்றும் புண்ணின் சான்றும்

சீன நாட்டில் தென் சோங் அரசு நிலவிய காலத்தில், 1247ஆம் ஆண்டில், சோங் ட்சு என்னும் நீதி அதிகாரி ஒரு நூலைத் தொகுத்தார். 'ஷி யுவான் ஜி லூ' என்பது அதன் பெயர். வீண்பழியைக் கழுவுதல் என்பது அப்பெயரின் உட்கருத்து. ஐந்து பகுதிகளாக அமைந்த அந்நூல், ஐயத்திற்குரிய முறையில் இறந்தோரின் உடலைச் சோதித்து உண்மை காணும் வழியை அதிகாரிகளுக்குக் கற்பிப்பது. மூலநூலைப் பிரையன் மெக்நைட் ஆங்கிலத்தில் பெயர்த்து 1981இல் வெளியிட்டார்.

நூலைப் படியாதவரும் இதிலுள்ள ஒரு நிகழ்ச்சியை அறிவர். வழியோரத்தில் ஒருவன் வெட்டுண்டு கிடந்தான். கள்வர் செயல் என முதலில் ஐயுற்றனர். சோதித்தபோதோ உடையும் பொருளும் அப்படியே இருந்தன. உடலில் பத்துக்கு மேற்பட்ட அரிவாள் வெட்டுகள் காணப்பட்டன. பொருளை நாடிய கள்வன் பொருளை விட்டுச் செல்லான். ஆகவே இது பகையின் செயல் என்று அதிகாரி தெளிந்தார். இறந்தவனின் மனைவியைத் தனியே வினவினார். பெரும்பகை எவருடனும் இல்லை என்றும், அண்மையில் ஒருவன் கடன் கேட்டுக் கிடைக்காமல் நாள் குறித்துப் பேசிச் சென்றான் என்றும் அவள் கூறினாள். அவன் இருப்பிடத்தை மனத்திற்கொண்ட அதிகாரி, அக்கம்பக்கத்தார் அனைவரும் தத்தம் அரிவாளைக் கொணருமாறு ஆணையிட்டார். எழுபது எண்பது அரிவாள்கள் தரையில் பரப்பப்பட்டன. கடுங்கோடைக் காலம். ஒன்றின்மீது மட்டும் ஈக்கள் வந்து மொய்த்தன. அது கடன் கேட்டவனுடையது. முதலில் மறுத்தவன், ஈக்களைச் சுட்டிக் காட்டியதும் தலை தாழ்த்திக் குற்றத்தை ஏற்றான்.

இதனை எடுத்துரைப்போர் பலர் 1235ஆம் ஆண்டில் நடந்தது என்பர். சிலர் சோங் ட்சுவையே துப்பறிந்தவராக்கி விடுவர். மூலத்தில் ஆண்டும் இல்லை, அதிகாரியின் பெயரும் இல்லை. இது சிறு குறையே. பெரிய குறை, இக்கதையை நூலின் சிகரமாகப் போற்றுவதில் உள்ளது. ஈ குருதியைக் காட்டும். எவர் குருதி என்று காட்டாது. கோழி அறுத்த அரிவாளையும் அது மொய்க்கும் அன்றோ! மனிதக் குருதியையும் விலங்கின் குருதியையும் பிரித்தறியும் சோதனையை ஜெர்மானிய அறிஞர் பால் ஊலன்ஹூத் கண்டது 1901இல்தான். 'முந்தைய நாள் ஆடு அறுத்தேன்' என்று ஒரு நிரபராதி அவ்விடத்தில் நின்று கூறியிருப்பின், அந்த அதிகாரி என் செய்திருப்பார்? ஊரே வியந்து நோக்க, அதிகாரி விரல் நீட்டிக் குற்றம் சாட்டுகையில், அஞ்சியவன் தலையும் தாழும். கதை ஒப்புதலில் முடிந்தமையால் இவ்வினா எழாமற்போயிற்று. உண்மையில், ஈ வருமுன்னரே அதிகாரி பாதி வழி கடந்துவிட்டார். களவு போகாத உடையும் வெட்டுகளின் எண்ணிக்கையுமே அவருக்கு வழி காட்டின.

நூலின் உண்மையான வலிமை, கதையே இல்லாத பக்கங்களில் இருக்கிறது. உயிருடன் இருந்தபோது வெட்டுண்ட தசை சுருங்கி விரியும். குருதி உறைந்து நிற்கும். இறந்தபின் வெட்டினால் தசை வெளுத்திருக்கும், குருதி இராது. கத்தியால் தாக்கப்பட்டவன் தடுக்கக் கை நீட்டுவான். ஆதலின் கைகளில் புண் உண்டா என்று பார்க்க வேண்டும். தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டவனின் புண், தொடக்கத்தில் ஆழ்ந்தும் முடிவில் மேலோட்டமாயும் இருக்கும். இன்றைய தடயவியல் மருத்துவரும் உள்ளங்கையையும் முன்கையையும் நோக்காமல் விடுவதில்லை. இப்பக்கங்களில் அடைமொழி ஒன்றேனும் வீணாக இல்லை. கட்டுரைக்கு அலங்காரச் சொல் தேடி அலையும் மாணவர்க்கு இவற்றுள் ஒன்றைத் தமிழாக்கி வகுப்பில் காட்டலாம்.

எனினும் நூல் முழுதும் பொன்னன்று. ஆணின் எலும்பு வெண்மை, பெண்ணின் எலும்பு கருமை என்கிறது. எலும்பின்மேல் குருதித்துளி விட்டு, அது ஊறினால் உறவு என்கிறது. இவை பிழை. கண்ணால் கண்டதை எழுதிய கை, காதால் கேட்டதையும் உடன் சேர்த்துவிட்டது. தொகுப்பு நூல்களுக்கு வழக்கமாக நேரும் கேடு இது. எந்த வரி அனுபவம், எந்த வரி செவிவழிச் செய்தி என்று பிரித்துக் காட்டாமை ஆசிரியரின் குறையே. இவ்வரிகளை நம்பித் தீர்ப்பளித்தால், வீண்பழியைக் கழுவ எழுந்த நூலே வீண்பழி சுமத்தும்.

இக்குறையை ஓரளவு ஈடு செய்வது, அதிகாரிகள்பால் அவர் காட்டும் கண்டிப்பு. கொலைத் தண்டனைக்கு மேலான வழக்கு இல்லை. அதன் உயிர்நிலை முதற் சோதனை என்று முன்னுரையிலேயே வலியுறுத்துகிறார். நாற்றத்திற்கு அஞ்சித் தொலைவில் அமர்ந்து, ஏவலரைக் கொண்டு புண்ணைப் பார்க்கச் செய்யும் அதிகாரியை அவர் பொறுப்பதில்லை. ஏவலர் கைக்கூலி பெற்றுப் பெரும்புண்ணை மறைக்கக்கூடும் என்பதை அவர் நன்கு அறிந்தவர். ஆணை பெற்றபின் சீனக் கணக்கில் இரண்டு பொழுது, அதாவது இன்றைய நான்கு மணி நேரம், கடந்தும் புறப்படாதவருக்குத் தண்டனை உண்டு என்னும் சட்டத்தை நூலின் தொடக்கத்திலேயே வைத்தார். முதற் சோதனைக்குப் பின் வேறோர் அதிகாரி வந்து மறுசோதனை செய்வதற்கும் விதிகள் வகுத்துள்ளார்.